கொக்கியின் நாக்கு

வாலிநோக்கத்தில் காலை ஏழு மணிக்கே
மணல் சுடத் தொடங்கிவிட்டது.
கம்பம் நடும் வண்டியின் நாலு காலுக்கும் கட்டை வைத்தேன்.
மூன்று நின்றன. கடல் பக்கத்துக் கால்
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது, ஒரு சாண்.
இன்னொரு கட்டை.

மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன்:
பூம் மூட்டில் வெல்டிங் சரி,
ஹோஸில் கசிவில்லை,
துளைக்கருவியில் ஒரு பல் மழுங்கல், போகட்டும்.
தலைக்கு மேல் லைனை அணைத்தாயிற்று, எர்த் போட்டாயிற்று.
கொக்கியின் நாக்குதான் மூடவில்லை.
ஸ்பிரிங்கை உப்பு தின்றிருந்தது.

"ஒரே ஒரு கம்பம்தானே, மீரான்" என்றார் சூப்பர்வைசர்.
ஐஸ் கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்:
உள்ளே எட்டுப் பெட்டி நண்டு.
கம்பத்தின் எடை எனக்குத் தெரியும்.
போன வருஷம் தொண்டியில் அது
சவரியானின் செருப்பைக்கூட முழுசாக விடவில்லை.

'ஓட்டக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பரமக்குடியிலிருந்து ஸ்பிரிங் வர இருட்டிவிட்டது.
நண்டு கெட்டது. என்னை ஏசினார்கள்,
என் அம்மாவையும் சேர்த்து.
கம்பம் மணலில் படுத்தே கிடந்தது.
அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து
நாலு பையன்கள்
கரண்ட் இல்லாத இரவில்
கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.