தாடையால் காட்டிய இடம்

முட்டுக்காட்டில் மட்டி எங்கே என்று கேட்பவர்களிடம்
பாலத்துக்குக் கிழக்கே என்கிறேன்.
கிழக்கே போகப் போகக் கடல் இருக்கிறது,
அதனால் முழுப் பொய்யும் இல்லை.

சிறுசேரியில் இரவு வேலை முடிந்தவர்களை ஏற்றி
கடைசி ஆளைக் கேளம்பாக்கத்தில் இறக்கும்போது
மணி நாலே முக்கால்.
அடுத்த ட்ரிப் ஏழரைக்கு.
மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிற நேரத்தில்
நான் பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டுகிறேன்.

முதல் மாதம் வெறுங்கைதான்.
வற்றம் ஐந்து இருபதுக்கு என்றது போன்.
தண்ணீர் அதைப் படிக்கவில்லை.
முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்ததால்
கடல் ஏறி இறங்க,
கழி மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு
தொடை உயரத்திலேயே நின்றது.
ஜேசிபி வந்து மணலை வெட்டிவிட்ட மறுநாள்
அமாவாசையும் சேர்ந்துகொள்ள
நடு ஆற்றில் ஒரு திட்டு
முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

அங்கே மூன்று பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.
கைகள் இரண்டும் சேற்றுக்குள்.
பறியின் கயிறு பல்லில்.
"அக்கா, மட்டி எந்தப் பக்கம்?"
நடுவில் இருந்தவள் வாயைத் திறக்க முடியாமல்
தாடையை வடக்கே நீட்டினாள்.
நம்பிப் போனேன்.
பாறையோடு ஒட்டிய ஆளிச் சிப்பிகள்,
பிளேடு பிளேடாக.
குதிகாலில் நாலு தையல்.

அடுத்த வாரம் என் கட்டைப் பார்த்ததும்
அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு
பறி நழுவித் தண்ணீரில் போனது.
பிடித்திருந்த இறாலில் பாதி ஓடிவிட்டது.
கணக்கு நேர் என்று இருவருமே நினைத்தோம்.
அப்போதும் அவள் இடம் சொல்லவில்லை.
அவளுக்கு அது சாயங்கால அரிசி,
எனக்கு ஏழரை வரைக்குமான பொழுதுபோக்கு.
நானும் பிறகு கேட்கவில்லை.

கால்தான் கண்டுபிடித்தது.
வெறும் சேறு என்றால் முழங்கால் வரை விழுங்கும்.
வெறும் மணலில் ஒன்றும் தங்காது.
இரண்டும் கலந்து
புட்டு மாவுப் பதத்தில் ஓர் இடம் வரும்,
பிடித்தால் பிடிபடும், தட்டினால் உதிரும்.
அங்கே நின்று குனிந்தால்
சட்டைப் பொத்தானில் நூல் நுழைகிற கண்கள்போல
இரண்டிரண்டு துளை.
ஒற்றைத் துளை நண்டுடையது,
விரலை விடாமல் இருப்பது நல்லது.

கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதைத் திரும்பப் புதைப்பேன்.
மழை பெய்த வாரமும்
கழிவு லாரி வந்துபோன வாடை இருக்கிற வாரமும்
சும்மா நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன்.
மற்ற நாட்களில் ஒரு டிபன் பாக்ஸ் அளவு,
அதற்கு மேல் இல்லை.

வண்டியில் கவிச்சி அடிக்கிறது என்று
ஒரு பெண் ஒற்றை நட்சத்திரம் போட்டாள்.
எலுமிச்சை வாசனை வாங்கித் தொங்கவிட்டேன்.
இப்போது எலுமிச்சை பிழிந்த மட்டி வாடை அடிக்கிறது.

வீட்டில் பவுலின் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து,
கொதியில் வாய் திறக்காததைப் பொறுக்கி எறிந்து,
மிளகு தட்டிப் போட்டு வதக்குவாள்.
எவ்வளவு அலசினாலும்
பல்லுக்கு இடையே ஒரு மணல் மிஞ்சும்.
அதை மெல்லுகிறபோதுதான்
நிஜமாகவே போய்வந்தேன் என்று தோன்றும்.

நேற்று அதிகாலை சாபுதீன் பின்னாலேயே வந்துவிட்டான்.
புது ஆள், மூன்றாவது ஷிப்ட்.
"அண்ணே, எங்கண்ணே கிடைக்குது?"
நான் கைலியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
ட்ரிப் ஷீட் பல்லில்.
யோசிக்கவே இல்லை,
தாடை தானாக வடக்கே போனது.

அவன் பத்தடி நடந்த பிறகுதான்
ஷீட்டை வாயிலிருந்து எடுத்து
கூப்பிட்டேன்:
டேய், செருப்பைக் கழட்டாதே.