துறை அறிந்தவர்

சென்னை அலுவலகத்திலிருந்து கடிதம்:
"துறை அறிந்த எவருக்கும் இது தோன்றக்கூடியதே."
எபனேசர் சார் இரண்டு முறை படித்து
டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

ராணிப்பேட்டை சிப்காட், மே மாதம்.
வெளியே நாற்பத்திமூன்று, அச்சுக்குள் இருநூற்று அறுபது.
நைலான் உருகும். கண்ணாடி இழை உருகாது,
முழங்கைவரை ஏறி ராத்திரி முழுக்க அரிக்கும்.

பதினொரு காப்புரிமையிலும் என் பெயர் இல்லை.
இழுத்து முறிப்பவன் நான்.
முந்நூற்று நாற்பத்திரண்டு பட்டை முறித்தேன்,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் விட்டது.
இழையைக் குறுக்கே பின்னச் சொன்ன அன்று
சிரித்துக்கூட விட்டேன்.
அடுத்தது முறியவில்லை. மிஷின்தான் நின்றது.

ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுகிறார் சார்.
அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
பத்தொன்பது வருடம் துறையில் இருக்கிறேன்,
எனக்குத் தோன்றவில்லை.