இரண்டு பி

தேவனாம்பட்டினம் எல்.கே.ஜி. வகுப்பில்
இரண்டு தொப்பையோடு பி வந்தபோது
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஓ தாண்டி இன்னொரு பி வந்ததும்
யுகிதா எழுந்தாள்:
"இத அன்னிக்கே சொல்லிட்டீங்களே மிஸ்."

இது வேற பி என்றேன்.
அதே பிதான் என்றது வகுப்பு.
நேற்று ராத்திரி வரை எனக்கும் அதேதான்.
போனில் ஒருத்தி சொல்லிக்கொடுத்ததை
பல் தேய்க்கையில், பஸ்ஸில்,
பக்கத்து சீட்டுக்காரர் முறைக்க முறைக்க
வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

வந்த பஸ்ஸின் டிக்கெட்டை
உதட்டுக்கு முன் பிடித்தேன்.
ஒரு பிக்குச் சும்மா கிடந்தது.
மற்றதற்குத் துள்ளியது,
கூடையிலிருந்து தப்பப் பார்க்கும் இறால்.

இருபத்து மூன்று வாய்கள்.
ஒரே டிக்கெட்.
ரஃப் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.
எச்சில் தெறித்தது, கரும்பலகை வரை.
நிவின் மட்டும் வெறுமனே ஊதி
ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டான்.

ஏன் இது மட்டும் ஆடுது?
எனக்குத் தெரியாது. அந்த வீடியோவும் சொல்லவில்லை.
யுகிதா பலகையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:
"இதுக்கு ஒரு வயிறு காலி மிஸ்.
அதான் காத்து வருது."

மூன்றரை மணி. கேட்டில் அவள் அம்மா,
மீன் விற்ற ஈரம் காயாத புடவையில்.
இவள் டிக்கெட்டை அம்மா வாய்க்கு நேரே நீட்டி
"ஏதாச்சும் பேசும்மா" என்கிறாள்.

காலையிலிருந்து கத்திய தொண்டை.
"போடி" என்கிறாள் அம்மா.

துள்ளுகிறது.