வரி கறுத்தால் சுத்தம்

நூற்று முப்பத்துநாலு டிகிரி, நாலு நிமிஷம்.
பொட்டலத்தில் ஒட்டிய நாடாவின்
வரிகள் கறுத்துவிட்டால்
ஸ்டெரைல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஒரு ராத்திரிக்கு நூற்றெண்பது தரம்.
அந்தச் சொல்லைப் பேனா
நான் நினைப்பதற்குள் எழுதி முடித்துவிடும்.

கத்தரி ஒன்று, கவ்வி இரண்டு, பச்சைத் துணி நான்கு.
இது பிரசவ அறைக்கு.
கொடி அறுக்கிற கத்தரியை
பதினோரு வருஷமாக மடித்துக் கட்டுகிறேன்.
ஒரு கொடியும் அறுபட்டுப் பார்த்ததில்லை.

போன ஆவணியில்
அதே கட்டடம், இரண்டு மாடி மேலே,
முனிரத்தினத்தின் ரிசல்ட் வந்தது.
காகிதத்தில் நீளமாக வேறு பெயர்.
டாக்டரம்மா சுருக்கிச் சொன்னது
என் சொல்லை.
நான் சந்தோஷப்பட்டேன்.
சுத்தம் என்றுதானே எனக்கு அர்த்தம்?
அரை நொடிதான்.
அவர் தன் கைகளைப் பார்த்தார்,
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில்
பதினாறு வருஷம் குரோமில் ஊறிய கைகள்,
எங்கோ சரியாகக் கழுவாமல் விட்டதைப் போல.

லாங்கு பஜார் பழைய பேப்பர் கடையில்
அட்டை போன அகராதி, எடை போட்டு நாற்பது ரூபாய்.
டீ நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
கிருமி இல்லாதது என்பதெல்லாம்
நேற்று வந்த அர்த்தம்,
நூற்றைம்பது வருஷம் இருந்தால் அதிகம்.
அதற்கு முன்னால் அது விளையாத நிலம்,
காய்க்காத மரம்.
இன்னும் பின்னால் போனால்
கிரேக்கமும் சமஸ்கிருதமும் சேர்ந்து
ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வருகின்றன.
கன்று போடாத பசு.
காளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

தமிழ் மட்டும் என்ன?
மலடி என்று சொல்ல வாய் யோசிப்பதே இல்லை.
மலடன் என்று தெருவில் யாரையாவது
கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

குடியாத்தத்தில் அவர் தங்கச்சிக்குச் சீமந்தம்.
சந்தனக் கிண்ணம் வரிசையாக வந்து
என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போனது.
முனிரத்தினம் பந்தியில்
சாம்பார் வாளியோடு நின்றார்.
பார்த்தார்.
வாளியைக் கீழே வைக்கவில்லை.
திரும்பும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டியதும்,
"சொல்லியிருக்கணும்" என்றார்.
யார், யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்.
சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.
கோயிலுக்குச் சாமி வந்து
நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை.
பேரணாம்பட்டிலிருந்து அக்கா போன் செய்தாள்.
ஆத்துல வெள்ளம், பாலத்துக்கு மேல போகுது,
இந்தப் பக்கம் வந்துடாதே.
எந்த ஆறு என்றேன்.
மலட்டாறுதான், வேற எது, என்றாள்.
சாதாரணமாகத்தான் சொன்னாள்.
ஆடு ரெண்டு போச்சாம், ஒரு மோட்டார் போச்சாம்.
பெயரை அவள் காது கேட்கவே இல்லை.

அன்று ராத்திரி பிரசவ அறையிலிருந்து
ஐந்து முறை மணி அடித்தது.
சூடு ஆறாத பொட்டலங்கள் ஐந்து போயின.
ஐந்திலும் என் கையெழுத்து,
ஐந்திலும் அந்தச் சொல்.
அது இல்லாமல் அங்கே
ஒரு குழந்தையையும் தொட மாட்டார்கள்.

காலையில் வீட்டுக்கு வந்தேன்.
அவர் தங்கச்சியோடு போனில் இருந்தார்.
நான் செருப்பைக் கழற்றுவதற்குள்
அந்தச் சொல்லைக் கேட்டேன்,
"ன்" என்று முடிவதை,
முதன்முறையாக ஓர் ஆளின் வாயிலிருந்து,
தன்னைப் பற்றி.
போனை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.
வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.