ஒட்டுகிறவள்

ஸ்டெம்கோவ்ஸ்கியின் அட்டைப்படங்கள்
செவ்வாய்க்கிழமை வரவேண்டும்.
வெள்ளிக்கிழமை வரும்.
பேயோனிலிருந்து பஸ்ஸில்,
மீன்கடைத் தாளில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு அவரே வருவார்.

ஒன்பதாவது மாடியில் என் மேசை.
அவர் வரைந்ததன் மேல்
தலைப்பை ஒட்டுவது என் வேலை.
'இரும்புத் தும்பி': ஒன்பதங்குல நீளம், மூன்றங்குல உயரம்.
அதற்கடியில் ஒரு வானமே போகும்.

வானம் என்றால் வெறும் வானமில்லை.
தண்ணீர்த் தொட்டிகள், கொடிக்கயிறு,
கயிற்றில் ஒற்றைக் காலுறை,
குதிகாலில் அதைத் தைத்த தையல்.
நடுவில் தும்பி யாரையோ குத்திக்கொண்டிருப்பான்.
பின்னால் நானூறு ஜன்னல்.
ஒன்றில் ஒருத்தி முட்டை உடைக்கிறாள்.
ஒன்றில் ஒருவன் வாடகைச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.
எள் போட இடமிருக்காது.

"பத்தடி தள்ளி நிற்கிற பையனுக்கு
ஒரு முஷ்டி தெரிந்தால் போதும், ஆர்வில்"
என்பார் எடிட்டர் ஃபெல்ட்ஹவுஸ்.
"ஆமாம்" என்பார் இவர்.
அடுத்த அட்டையில் ஐந்நூறு ஜன்னல்.

மூன்று ஜன்னல் வரைகிறவருக்கும் அதே செக்தான்.
அவர் மனைவி இர்மா ஃபோனில் கணக்குப் போட்டுச் சொன்னாள்:
ஜன்னலுக்குப் பதினேழு சென்ட்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

எழுபத்தாறில் பார்கோடு வந்தது.
இடது கீழ்மூலையில் வெள்ளைப் பெட்டி.
மற்றவர்கள் அந்த மூலையைச் சும்மா விட்டார்கள்,
பிழைக்கத் தெரிந்தவர்கள்.
இவர் ஃபோன் செய்து அளவு கேட்டார்.
இரண்டங்குலம், ஒன்றரை அங்குலம்.
வெள்ளிக்கிழமை வந்த அட்டையில்
கச்சிதமாக அந்த அளவுக்குள்
செருப்பில் தலைவைத்து ஒரு பூனை தூங்கியது.
ரப்பர் பசை தடவினேன்.
மூடினேன்.

அப்புறம் மாதா மாதம்.
தம்ளருக்குள் பல்செட்.
பனியில் கழுத்துவரை புதைந்த தபால்பெட்டி.
ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில்,
கட்டிலுக்கடியில் ஒரு ஜோடிப் பெண் காலணி.
அதற்குப் பிறகு ஃபோனை அவரே எடுத்தார்.

ஒரு மாதம் என் மேசை.
என் தெர்மாஸ், மூடியிலிருந்த விரிசல் உட்பட.
நானும் இருந்தேன், முதுகு காட்டி.
என் முதுகு எனக்கே தெரியாது, அதுவரை.
அச்சகத்து வண்டி நாலு மணிக்கு.
மூடினேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் கண் மங்கிவிட்டது.
கடைசி அட்டையில் ஜன்னல்கள் இருந்தன,
உள்ளே ஆளில்லை, முழுக்கக் கறுப்பு மை.
புதுப் பாணி என்று பாராட்டி எழுதினார்கள்.

நேற்று டல்லாஸிலிருந்து ஏலக்கடைப் பையன் பேசினான்.
பசை காய்ந்து பெட்டி தானாக உதிர்ந்துவிட்டதாம்.
அடியில் ஒரு பெண், முதுகு காட்டி.
யாரென்று தெரிந்தால் விலை இரட்டிக்கும், மேடம்.
தெரியாது என்றேன்.

அவளைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை,
அதை எடுக்க ஆள் வைத்திருக்கிறோம் என்றான்.

அதைத் தொடாதே, தம்பி.
அந்தப் படத்தில் அது மட்டும்
நான் போட்டது.