இரண்டு வலது கைகள்

கூரை ஒழுகினால் அடிக்கிற ரப்பர் டப்பா இது.
ரெனி குவுசிஸ்டோ தன் படகின் அடியில் அடித்தது போக
முக்கால் டப்பா மிச்சம், எனக்கு ஓசி.
குலுக்கினால் உள்ளே குண்டு உருள்கிறது.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கரையோரம் உறைந்து, தூரத்தில் புகைகிறது.
பத்து டிகிரிக்குக் கீழே அடிக்காதே என்கிறது டப்பா.
என் கராஜ் கடைசியாகப் பத்தைப் பார்த்தது
அக்டோபரில்.
அதனால் சமையலறை.
அதனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்
கோட்டும் குல்லாயுமாக அடுப்படியில் நான்.
அதனால் ஆர்லிஸ் அவள் அக்கா வீட்டில்:
"நாற்றம் போனதும் கூப்பிடு."

பழைய சாமான் சந்தையில் ஒன்றரை டாலர் பொம்மை,
ஆறு அங்குலம், யாரோ ஒரு மாவீரன்.
முதுகுத் துணியைக் கிழித்து, முகமூடியைச் சுரண்டி,
பனி தள்ளும் லாரி ஓட்டுநராக்கிக்கொண்டிருக்கிறேன்.
இருபத்தாறு வருடம் நான் ஓட்டினேன்.
எங்களுக்கு எந்தக் கம்பெனியும் பொம்மை போட்டதில்லை.
ஆரஞ்சுச் சட்டை தயார். மீசை தயார்.
பலகையை இறக்கும் நெம்புகோலுக்கு வலது கை இருக்கிறது.
இடது கை மணிக்கட்டோடு காணோம்.
ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

அச்சுக்கென்றே விற்கிற சிலிக்கான் நாற்பது டாலர்.

முதலில் ஒரு போல்ட். கெட்டியாக ஒரே அடி.
மேலே தோல் கட்டியது,
உள்ளே மூன்றாம் நாளும் தார்.
அடுத்து, மேஜையில் கிடந்த உப்புக் குப்பியின் மூடி.
பிளாஸ்டிக்கை இந்த ரப்பர் தின்னும் என்பதை
அது சொல்லித் தந்தது.
பிறகுதான் பொறுமை வந்தது:
வாஸ்லின் தடவி, தடவியதே தெரியாமல் துடைத்து,
ஒரு முழ தூரத்திலிருந்து பனித்துளி மாதிரி ஒரு பூச்சு.
அரை நாள் சும்மா இரு. மறுபடி.
ஆறு பூச்சு.

பொம்மையின் வலது கையைக் கழற்றி
ஆணியில் செருகி, ஆணியை உருளைக்கிழங்கில் குத்தி,
அப்படியே செய்தேன்.
நாலாம் நாள் ஈரச் சாக்ஸ் மாதிரி உரிந்து வந்தது.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்:
நகம், முட்டி மடிப்பு, எல்லாம்.
இரண்டு குப்பிப் பிசினைக் கலந்து ஊற்றி
இறுகும்வரை உட்காரவே இல்லை.

அழகான கை.
இடது மணிக்கட்டில் வைத்தேன்.
கட்டைவிரல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அறுபத்தோரு வயது எனக்கு.
வலது கையை அச்செடுத்தால் வலது கைதான் வரும் என்பதைப்
பிசின் வந்து சொல்ல வேண்டியிருந்தது.
ரெனியைக் கூப்பிட்டேன்.
"ரெண்டு வலது கையா? என் மச்சானுக்கு ரெண்டும் இடது,
அவனோடு பேசிப் பார்."

கோபத்தில் அச்சைக் குப்பையில் போடப் போனவன்
விரலில் ஒட்டிய தோலை உதற,
அது உள்வெளியாகப் புரண்டது.
கட்டைவிரல் இடம் மாறியிருந்தது.

நாற்பது டாலர் அச்சு இப்படிப் புரளாது;
தடித்தது.
மெலிந்துபோன என் ஆறு பூச்சு புரண்டது.
ஆனால் இப்போது உள்ளே இருப்பது
நகமும் மடிப்பும் அல்ல,
நான் அடித்த அடி: சொரசொரப்பு, வழிசல், ஒரு சொட்டு.

ஊற்றினேன்.

வீங்கிய கை. விரல்கள் பாதி ஒட்டியிருந்தன.
விடிகாலை நாலு மணிக்கு, நெடுஞ்சாலையில்,
ஹீட்டர் செத்த லாரியில்
என் கை இப்படித்தான் இருந்திருக்கும்;
அப்போது பார்க்க வெளிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்லிஸ் வந்தாள்.
வாசலிலேயே மோந்து பார்த்தாள்.
பொம்மையை எடுத்து இடது கையைத் தடவினாள்.
"கையுறை போட்டிருக்கானா?"
ஆமாம் என்றேன்.
"வலது கைக்கு எங்கே?"
"கழற்றியிருக்கிறான். ரேடியோவைத் திருக."
சரி என்பதுபோல் தலையாட்டி
அவனை ஜன்னல் விளிம்பில் நிறுத்தினாள்.
சூப்பை ருசி பார்த்தாள்.

"உப்புக் குப்பிக்கு மூடி எங்கே?"