வரி உண்டு, வரிசை இல்லை

தார்த்து நகரில் ஒரு பேட்டைக்கு சூப்பூர் என்று பெயர்.
தெருக்கள் எல்லாம் சட்டிக்குள் போகிறவை:
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு, பட்டாணித் தெரு.
மரவீடுகள். வீட்டுக்கு ஒரு புகைபோக்கி,
அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன்.

புகைபோக்கி துடைக்கும் கம்பெனி ஐவாருடையது.
வாடிக்கையாளர் அட்டவணை போட்டுத் தரச் சொன்னார்.
மூன்று ஆட்கள், ஒரு வேன், இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள்,
ஏழு நோட்டுகள்.
புரட்டினால் விரல் கறுக்கும்.
என் விசைப்பலகையில் சில எழுத்துகளை
இன்னும் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.

முதல் நாள் சுலபம்.
பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த நாளுக்கு ஒன்று,
தெருவுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று:
கடிக்கும், கடிக்காது.
ஆளுக்கொரு எண். அதுவே முதன்மைச் சாவி,
பெயர் மாறும், எண் மாறாது என்றேன்.
சாவி என்றதும் ஐவார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாம் நாள் புகைபோக்கியை ஆளுக்குள் வைத்தேன்.
தப்பு.
அவரைத் தெருவில் ஒருவர் இறந்துபோனார்.
அவர் பதிவை நீக்கினால்
கூரைமேல் நின்ற செங்கல்லும் சேர்ந்து போனது.
நான்கு சொந்தக்காரர்களைப் பார்த்த புகைபோக்கி,
என் ஒரு கட்டளைக்குத் தாங்கவில்லை.
ஆகவே பிரித்தேன். ஆட்கள் தனி. புகைபோக்கிகள் தனி.

அப்புறம் பட்டாணித் தெரு பதினான்கு.
ஹெல்வே வாஹர், மைமு வாஹர்.
ஒரே பிறந்த நாள், ஒரே கதவிலக்கம்.
ஒரே ஆள்தான், இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று
இணைக்கப் போனேன்.
ஐவார் என் கையைப் பிடித்தார், கரியோடு.
"இரட்டையர். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.
பேசி ஒன்பது வருஷம்."

எதற்காக என்று நோட்டில் இல்லை.
அதற்கு என்னிடமும் கட்டம் இல்லை.

ஐந்தாம் நோட்டில் ஹெல்வேயின் புகைபோக்கி,
செப்டம்பர், நாற்பது யூரோ.
ஆறாம் நோட்டில் மைமுவின் புகைபோக்கி,
அதே செப்டம்பர், அதே நாற்பது.
"குழாய் ஒன்றுதான்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.
"இரண்டு தடவை ஏறுவேன்.
அவளுக்குத் துடைத்தது எனக்கு ஆகாது என்பார்கள்."

ஓர் ஆளுக்குப் பல புகைபோக்கி என்று கோடு போட்டிருந்தேன்.
எதிர்ப்பக்கமிருந்தும் அதே கோடு வந்தது.
இரு பக்கமும் பல என்றால்
நடுவில் இன்னோர் அட்டவணை வேண்டும்,
ஒல்லியாக, தனக்கென்று சொல்ல எதுவும் இல்லாமல்:
இந்த எண், அந்த எண், எப்போதிருந்து, எதுவரை.
எண்கள் இரண்டும் அயல் சாவிகள்.
அயல் என்றால் அடுத்த வீடும்தான்.
'எதுவரை' காலியாக இருந்தால்
விவரம் விட்டுப்போனது என்று பொருளல்ல.
அடுப்பு இன்னும் எரிகிறது.

அக்டோபரில் ரசீது போனது.
புகைபோக்கி ஒன்று, துடைத்தது ஒரு தடவை, ஆளுக்கு இருபது.
ஒரே தாளில் இரண்டு பெயர்கள்.

திங்கட்கிழமை மைமு கூப்பிட்டார்.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"அவள் பெயர் ஏன் முதலில்?"

உள்ளதைச் சொன்னேன்.
அம்மா, அட்டவணையில் வரி உண்டு, வரிசை இல்லை.
கேட்கும்போது எது கைக்கு அகப்படுகிறதோ
அது மேலே வரும்.
அவர் பேசவில்லை.
குழாய் வழியாக மாடியில் யாரோ இருமினார்கள்;
அவருக்குக் கேட்டிருக்கும், எனக்கே கேட்டது.
"அப்போ அடுத்த வருஷம்?"
மாறலாம். மாறாமலும் இருக்கலாம்.
"மாறாவிட்டால் திரும்பக் கூப்பிடுவேன்," என்று வைத்துவிட்டார்.

வரிசைப்படுத்த ஒரு சொல் சேர்த்தால் போதும்.
சேர்க்கவில்லை.
அந்தப் புகைபோக்கிக்கு நேரே, குறிப்பில் மட்டும் எழுதினேன்:
ஒரு தடவை ஏறினால் போதும்.
நாய் கீழ்வீட்டுடையது. கடிக்கும்.